மூச்சு விடாத குரலுக்கு எழுதிய பாட்டுகள்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கல்லூரியில் படிக்கும் தங்கை நாள் முழுக்க ‘மெஸ்மரைசர்’ என்ற ஜப்பானியப் பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள், பாடுவது ஆள் இல்லை, கணினிக் குரல் என்கிறாள். அண்ணனுக்கு அந்தக் குரல் காதில் குத்துகிறது. ஆனால் சில பாட்டுக்கு அவள் அழுததையே பார்த்திருக்கிறார், அதனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஜப்பானிய மொழி தெரியாது. எதைக் கேட்பது, எந்த வரிசையில்?

முதலில் ஒன்று. குரல் பிடிக்கவில்லை என்பது இயல்புதான், எனக்கும் முதல் இரண்டு வாரம் பிடிக்கவில்லை. நான் கேட்டது கைப்பேசி ஸ்பீக்கரில். அதில் கேட்டால் மேல் ஸ்தாயி மட்டும் துருத்திக்கொண்டு வரும், தகரத்தைத் தேய்ப்பது போல இருக்கும். நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி தீர வேண்டுமென்றால் இந்தக் குரல் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வோகலாய்ட் என்பது யமஹா நிறுவனம் உருவாக்கிய மென்பொருள். பார்சிலோனாவில் உள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது, 2003-இல் அறிவித்தார்கள், 2004-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 2007 ஆகஸ்ட் 31 அன்று, சப்போரோவைச் சேர்ந்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா, ‘ஹட்சுனே மிக்கு’ என்ற பெயரில் ஒரு குரலை, நீலப்பச்சை நிற இரட்டைச் சடைப் பெண்ணின் படத்தோடு டப்பாவில் போட்டு விற்றபோதுதான். அந்தக் குரலுக்கு மூலம் சாக்கி ஃபுஜிதா என்ற குரல் நடிகை. அவர் பாட்டு எதுவும் பாடிக் கொடுக்கவில்லை. ஒலித் துண்டுகள் எல்லாம் கிடைக்கிற மாதிரி அடுக்கிய அசைகளை வரிசை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு நாக்கு நகரும் அந்தக் கணங்களை வெட்டி எடுத்து, மென்பொருள் ஒட்டிப் பாடுகிறது.

பாட்டு உண்டாக்குபவர் திரையில் ஸ்வரங்களைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்படியே விட்டால் தட்டையாக இருக்கும். எந்த ஸ்வரத்தில் கொஞ்சம் கீழிருந்து ஏறி வர வேண்டும், எங்கே நடுங்க வேண்டும், எங்கே குரல் மெலிய வேண்டும் என்பதையெல்லாம் மவுஸால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஒரு வரிக்கு ஒரு மாலை நேரம் போய்விடும். நான் ஒருமுறை எட்டே எட்டு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். மெய்யெழுத்து தாளத்துக்குச் சற்று முன்னாலேயே தொடங்கி, உயிரெழுத்து சரியாகத் தாளத்தின் மேல் விழும்படி அந்த மென்பொருள் தானாகவே தள்ளிக் கொடுப்பதைக் கவனித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நல்ல பாடகர்கள் யோசிக்காமலே செய்வது அதுதான்.

ஆகவே, உயிர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு என் பதில் இது: அந்தக் கோடுகளைப் போட்டவரிடமிருந்து. நம் ஊரில் ஒரு பாட்டைப் பாடகர் பெயரை விட இசையமைப்பாளர் பெயரால் சொல்லும் பழக்கம் உண்டல்லவா, இங்கேயும் அப்படித்தான். ஜப்பானில் இவர்களை ‘போகாரோ பி’ என்பார்கள். ‘பி’ என்றால் புரொட்யூசர். பெரும்பாலும் வரிகள், மெட்டு, வாத்தியங்கள், குரல் என எல்லாம் ஒரே ஆள், தன் அறையில் உட்கார்ந்து. ‘மிக்கு பாட்டு’ என்று தேடினால் கடலில் விழுந்த மாதிரி ஆகிவிடும், ஆளைப் பிடித்துக்கொண்டு தேடினால் கரை தெரியும்.

சரி, முதல் பாட்டு. வோவாகா எழுதிய ‘ரோலிங் கேர்ள்’, 2010. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மனிதக் குரலில் இதற்கு இத்தனை அர்த்தம் வராது.

பியானோ ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வெறி பிடித்த மாதிரி அடிக்கும், கிதார் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், மிக்கு இடைவெளியே இல்லாமல் பாடிக்கொண்டு போவாள். ஒரு பெண் உருண்டு விழுகிறாள், தோற்கிறாள், மறுபடியும் எழுந்து உருள்கிறாள். இதில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது, மொழி தெரியாவிட்டாலும் காதால் பிடிக்கலாம். ‘மோ இக்கை’ என்றால் ‘இன்னும் ஒரு தடவை’. ‘மோ ஈ கை’ என்றால் ‘ஆயிற்றா, வரலாமா?’. ஜப்பானியக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடும்போது தேடப் போகிறவர் கேட்பது. ஜப்பானியமும் நம்மைப் போல மாத்திரை எண்ணும் மொழி, ஆனால் நம் இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான், அவர்களுக்கு முழு மாத்திரை. அதனால் இந்த இரண்டு தொடர்களுக்கும் சரியாக ஆறு ஆறு மாத்திரை, வித்தியாசம் நடுவில் இருக்கும் ஒரே ஒரு மாத்திரையில்தான். பாட்டு முழுக்க அந்தப் பெண் ‘இன்னும் ஒரு தடவை’ என்கிறாள், யாரோ ‘ஆயிற்றா?’ என்கிறார்கள், அவள் ‘இல்லை, இன்னும் இல்லை’ என்கிறாள். கடைசிச் சுற்றில் கேள்வி கேட்ட குரலே ‘போதும், நீயும் களைத்திருப்பாய்’ என்று சொல்கிறது. ஒவ்வொரு சுற்றும் முடிகிற இடத்தில் மூச்சை நிறுத்துவது பற்றிய வரி வருகிறது.

பாடுகிற குரலுக்கோ மூச்சே கிடையாது. நாமாகச் சேர்த்தால் ஒழிய மூச்சு வாங்கும் சத்தம் அதில் வராது. ஒரு மனிதர் இந்தப் பாட்டைப் பாடும்போது வரிகளுக்கு நடுவில் அவர் காற்றை இழுப்பது கேட்கும், அதைக் கேட்டவுடன் நமக்கு ஓர் ஆறுதல் வந்துவிடும். மிக்குவிடம் அந்த ஆறுதல் கிடைக்காது. இந்த ஓர் இடம் புரிந்துவிட்டால், காதில் குத்துகிறது என்று நீங்கள் சொன்ன அந்தத் தன்மையை வைத்துத்தான் இவர்கள் எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வோவாகா பின்னாளில் ‘ஹிட்டோரியே’ என்ற ராக் குழுவைத் தொடங்கித் தானே பாடினார். 2019 ஏப்ரலில், 31 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த இரவு இந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

இதே ‘குரலால் மட்டும் முடிந்தது’ என்ற வகையில் இன்னொன்று, காஸ்மோ எழுதிய ‘ஹட்சுனே மிக்குவின் மறைவு’, 2008. ஜப்பானியத்தில் ‘ஹட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு’. மிக்குவுக்கு ஏற்ற வேகம் நிமிடத்துக்கு 70 முதல் 150 தட்டு என்று வெளியிட்ட நிறுவனமே குறிப்புக் கொடுத்திருந்தது. இவர் 240-இல் எழுதினார். அசைகள் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். வேகத்தைக் காட்டுவதற்கான வித்தை என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் பாட்டின் விஷயம் நீக்கப்படப் போகிற ஒரு மென்பொருள் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போக நினைப்பது. நேரம் இல்லாதவர்கள் அப்படித்தானே பேசுவார்கள்.

கொஞ்சம் வரலாறும் தெரிய வேண்டும் என்றால் ‘மெல்ட்’ கேளுங்கள். ரியோ எழுதியது, 2007 டிசம்பர். அதற்கு முன்னால் நிக்கோநிக்கோ காணொளித் தளத்தில் பிரபலமான மிக்கு பாட்டுகள் பலவும் மிக்குவைப் பற்றியே இருந்தன, ‘நான் ஒரு மென்பொருள், என்னைப் பாட வை’ என்கிற தொனியில். ‘மெல்ட்’டில் வருவது காலையில் எழுந்து முன்முடியை வெட்டிக்கொண்டு, பிடித்த பையனோடு ஒரே குடைக்குள் நடக்கிற ஒரு சாதாரணப் பெண். கேட்டவர்கள் ‘இது என் பாட்டு’ என்று எடுத்துக்கொண்டு தாங்களே பாடிப் போட ஆரம்பித்தார்கள், தரவரிசை முழுக்க இந்தப் பாட்டும் இதன் மறுபாடல்களுமாகவே நிறைந்துபோயின. இந்த மறுபாடல் பழக்கத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர்தான் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பாடகி ஆடோ. யோசித்துப் பார்த்தால், பாடகி இல்லாத பாட்டுகள்தான் இத்தனை பாடகர்களை உண்டாக்கியிருக்கின்றன.

ஆனால் அந்த ஆரம்பகாலப் பாட்டுகளில் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது ‘சாய்ஹாத்தே’, கோபயாஷி ஓனிக்ஸ், 2008. இறந்துபோன ஒருவரை வழியனுப்பும் பாட்டு. மெட்டு துள்ளலாக, வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். மிக்கு இதில் அழமாட்டாள், தழுதழுக்கமாட்டாள், நல்ல காலைப்பொழுது என்பது போலப் பாடிவிட்டுப் போவாள். அழுகையை யாரும் நம் மேல் திணிக்காததாலோ என்னவோ, இது என்னைத் தாக்குவது போல எந்த ஒப்பாரியும் தாக்கியதில்லை. என் பாட்டி இறந்த வருஷம், காரியம் எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு மொட்டைமாடியில் இதைத்தான் கேட்டேன். உங்கள் தங்கை அழுதது எந்தப் பாட்டுக்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிப்பட்ட ஒன்றாக இருந்தால் எனக்கு வியப்பில்லை.

கதை பிடிக்கும் என்றால் காகாமினே ரின், லென் பக்கம் வாருங்கள். 2007 டிசம்பரில் வந்த இரட்டைக் குரல், இரண்டுக்கும் மூலம் அசாமி ஷிமோதா என்ற ஒரே நடிகை. மோதி எழுதிய ‘தீமையின் மகள்’, ‘தீமையின் பணியாள்’ இரண்டையும் இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும், ஜப்பானியத்தில் ‘அக்கு நோ முசுமே’, ‘அக்கு நோ மெஷித்சுகாய்’, இரண்டும் 2008. முதல் பாட்டில் கொடுங்கோல் இளவரசி ஒருத்தி, ஜனங்கள் கிளர்ந்து எழுகிறார்கள், தலை வெட்டப்படுகிறது, கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இரண்டாவதைக் கேட்டால் உண்மையில் செத்தது யார் என்று தெரியும். ஒரே மூலக் குரலிலிருந்து பிறந்த இரண்டு குரல்கள், ஒருவருக்கு ஒருவர் ஆள்மாறாட்டம் செய்துகொள்ளும் இரட்டையர்களைப் பாடுவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பின்னால் இது நாவல் வரிசையாகவே வளர்ந்தது.

இனி ஹாச்சி. இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் கென்ஷி யோனெசு என்றால் அனிமே பார்ப்பவர்களுக்குத் தெரியும், ‘செயின்சா மேன்’ தொடக்கப் பாட்டு பாடியவர். சொந்தக் குரலில் பாடத் தொடங்குவதற்கு முன்னால் ஹாச்சி என்ற பெயரில் வோகலாய்ட் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். 2010-இல் வந்த ‘மாட்ர்யோஷ்கா’ கேளுங்கள், மிக்குவும் குமியும் சேர்ந்து பாடுவது. குமி என்பது இன்னொரு நிறுவனத்தின் குரல், மிக்குவை விடச் சற்றுத் தடித்தது, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதுதான் அந்தப் பாட்டின் ருசி. அப்புறம் 2017-இல், மிக்குவின் பத்தாவது ஆண்டுக்கு அவர் திரும்பி வந்து ‘சுனா நோ வாகுசெய்’ எழுதினார், ‘மணல் கிரகம்’ என்று பொருள். தான் வளர்ந்த இடம் இப்போது பாலைவனம் ஆகிவிட்டது என்கிற மாதிரியான பாட்டு. பிறந்தநாள் விழாவுக்கு எழுதச் சொன்னால் இப்படியா எழுதுவது என்று ரசிகர்கள் கொதித்தார்கள், இன்னும் சிலர் ‘உண்மைதானே’ என்றார்கள். அடுத்த மாதமே வோவாகா பல வருஷ இடைவெளிக்குப் பிறகு மிக்குவுக்காக எழுதிய ‘அன்னோன் மதர்கூஸ்’ வந்தது. அது பதிலாக எழுதப்பட்டதா இல்லையா என்று நான் வாதாட மாட்டேன், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஊரை விட்டுப் போன இரண்டு பேர் ஒரே வீட்டு வாசலில் நின்று வெவ்வேறு விதமாகப் பேசுவது போல இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய பாட்டு.

பலரும் முதலில் சொல்வது ‘செம்போன்சாகுரா’. குரோ உசா பி, 2011. நல்ல பாட்டு, மறுக்கவில்லை, 2015-இல் புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஒளிபரப்பாகும் ‘கோஹாகு’ நிகழ்ச்சியில் ‘எங்கா’ என்ற பழைய பாணிப் பாட்டுகளின் மூத்த பாடகி சாச்சிகோ கோபயாஷி மேடையிலேயே பாடிய பாட்டு, அடுத்த வருஷம் இதை ஒட்டி மிக்குவைச் சேர்த்துக் கபுக்கி நாடகமே போட்டார்கள். ஆனால் அது திருவிழாப் பாட்டு. முதலில் அதைக் கேட்டுவிட்டால் இந்த உலகம் முழுக்கவே கொட்டும் முழக்கமும்தான் என்று ஆகிவிடும். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ கேளுங்கள்.

வேகம் எல்லாம் வேண்டாம், நிதானமாக ஒன்று வேண்டும் என்றால் பினோக்கியோ பி எழுதிய ‘ஸ்லோ மோஷன்’, 2014. காய்ச்சலில் படுத்திருக்கிறபோது நம் புத்தி எங்கெங்கோ போகுமே, அந்த மயக்கத்தில் பதின்வயது, இருபதுகள், முப்பதுகள் என்று ஆயுள் நழுவிக்கொண்டே போகிற பாட்டு. இவர் மிக்குவின் குரலைப் பளபளப்பாக்க முயல்வதே இல்லை, கொஞ்சம் கரகரப்பாக, பொம்மை பேசுவது போலவே விட்டுவிடுவார். அப்படி விட்டதால்தான் மரணத்தைப் பற்றி அவர் எழுதுவது பயமுறுத்தாமல் பக்கத்தில் வந்து உட்காருகிறது. 2021-இல் வந்த ‘காமிப்போய் நா’வும் இவருடையதுதான், அது வேறு ரகம், குத்தலாக இருக்கும்.

பெண்ணின் முதிர்ந்த குரல் வேண்டும் என்றால் மெகுரினே லூக்கா பாடும் ‘ஜஸ்ட் பி ஃப்ரெண்ட்ஸ்’, பிரிவுப் பாட்டு, 2009. ‘ஃப்ளவர்’ என்ற குரலின் ‘ஷார்ல்’, பலூன் எழுதியது, 2016, கேட்ட உடனே பிடிக்கும்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் தப்பு. இந்தப் பாட்டுகளில் தற்கொலை, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை, தன்னையே வெறுப்பது எல்லாம் நிறைய வரும், மெட்டு ஜாலியாக இருப்பதால் தெரியாது. கிகுவோ எழுதிய ‘ஐஷித்தே ஐஷித்தே ஐஷித்தே’, 2013, யூடியூபில் 10 கோடிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள், ‘என்னை நேசி’ என்று கெஞ்சும் ஒரு குழந்தையின் பாட்டு, இரவில் தனியாகக் கேட்கத் தகுந்தது இல்லை. நெரு எழுதி ரின் பாடும் ‘ரோஸ்ட் வன் நோ கோகோகு’ பள்ளிக்கூடத்தில் நொறுங்கிப்போகிற மாணவனின் கத்தல். இவற்றைக் கேட்பதால் ஒருவருக்கு ஏதோ ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை, சொல்ல இடமில்லாததைச் சொல்ல ஒரு வாய் கிடைத்தது என்பதால்தான் இத்தனை பிள்ளைகள் இதில் வந்து விழுகிறார்கள். ஆனாலும் மனம் சரியில்லாத நாளில் ‘சாய்ஹாத்தே’ போதும், கிகுவோ வேண்டாம்.

அண்மைக்காலத்துக்கு வருவோம். இப்போது துண்டு ஒட்டும் முறை போய், பாடகரின் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு பாடும் செயற்கை நுண்ணறிவுக் குரல்கள் வந்துவிட்டன, மூச்செல்லாம் அதுவே விடும். 2021-இல் வந்த ‘காஃபு’ அப்படி ஒன்று. அதில் இயோவா எழுதிய ‘க்யூ குராரின்’ கேளுங்கள், சிரித்த முகத்தோடு உள்ளே நசுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண். அதே இயோவா 2022-இல் ‘நெத்சு இஜோ’வை அடாச்சி ரெய் என்ற குரலில் போட்டார், இது எந்த மனிதரின் பதிவும் இல்லாமல் முழுக்க முழுக்க அலைகளைக் கூட்டி உண்டாக்கிய குரல். சொற்கள் பாதிதான் விளங்கும், எரிந்துகொண்டிருக்கும் ஊரிலிருந்து வானொலி பிடிப்பது போல இருக்கும். நிஜத்துக்கு நெருங்கிய குரல் கையில் இருந்தும் அவர் இதைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள், அந்தத் தேர்வுதான் எனக்கு இந்த இசையில் பிடித்தது.

கடைசியாக உங்கள் வீட்டில் ஓடும் ‘மெஸ்மரைசர்’. சத்சுகி எழுதியது, 2024 ஏப்ரல், சில மாதங்களிலேயே 10 கோடி பார்வை. இதைக் காதால் மட்டும் கேட்டால் போதாது, காணொளியில் சிரித்தபடி ஆடுகிற இரண்டு பேரின் முகங்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள், சிரிப்பு எந்த இடத்தில் சிரிப்பாக இல்லாமல் போகிறது என்று. அதில் மிக்குவோடு பாடுகிற சிவப்பு முடிக்காரி காசானே டெட்டோ. இவளுடைய கதை அழகானது. 2008 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்துக்காக, ‘புது வோகலாய்ட் வருகிறது’ என்று இணையத்தில் சிலர் சேர்ந்து உண்டாக்கிய பொய்ப் பாத்திரம். பொய்தான் என்று தெரிந்த பிறகும் ஜனங்கள் விடவில்லை, ‘யூட்டாவ்’ என்ற இலவச மென்பொருளில் அவளுக்கு நிஜமாகவே குரல் கொடுத்தார்கள், பதினைந்து வருஷம் ரசிகர்கள் கையிலேயே வளர்ந்தாள். 2023-இல் ‘சிந்தசைசர் வி’ என்ற புது மென்பொருளில் விற்பனைக்கு வந்த பிறகுதான் யோஷிதா யாசெய்யின் ‘ஓவர்ரைடு’ மாதிரிப் பாட்டுகள் வந்து அவளை உச்சத்தில் வைத்தன.

‘ஓவர்ரைடு’ உங்கள் தங்கைக்கு மனப்பாடமாக இருக்கும். அந்தப் பழைய யூட்டாவ் டெட்டோவை, சொரசொரவென்று அசைக்கு அசை தடுக்கி விழுகிற அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாளா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டிராவிட்டால், ஹெட்போனில் ஆளுக்கு ஒரு காதை மாட்டிக்கொண்டு முதலில் அதைப் போடுங்கள், உடனே ‘மெஸ்மரைசர்’ போடுங்கள்.